பேட்டரி கீழே, பெட்டி மேலே

பைத் அல்-ஹஜர்
ரஜப், பிறை 6

ஹுதாவின் உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். மாடும் சுகம். நீ போனதிலிருந்து அது என்னைக் கிட்டவே சேர்ப்பதில்லை. மடியில் கை வைத்தால் பின்னங்காலைத் தூக்குகிறது. நெய்க்காரி ஜுமானாதான் வந்து கறந்துகொடுத்துவிட்டுப் பாதிப் பாலைக் கூலியாகக் கொண்டுபோகிறாள். "உங்க பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போனது எனக்கு நல்ல காலந்தான்"னு சிரிக்கிறாள். இந்தக் கடிதத்தையும் அவள் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். பள்ளத்தாக்கில் இறங்கி உங்கள் பக்கத்து மலை ஏறுவதற்குள் அவள் இதை எத்தனை பேரிடம் படிக்கக் கொடுப்பாளோ, அல்லாஹ்வுக்கே வெளிச்சம். அதனால் ரகசியம் ஒன்றும் எழுதவில்லை.

இது சமாதானக் கடிதம் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சந்தேகம் கேட்கத்தான் எழுதுகிறேன்.

அந்த இன்வர்ட்டர் பெட்டி இருக்கிறதே, அது நாலு விளக்கு போட்டால் தாங்குகிறேன் என்கிறது. டிவி போட்டால் சரி என்கிறது. விடிகிறவரை போட்டு வைத்தாலும் பச்சை விளக்கு மாறாது, சாதுவாக இருக்கும். ஆனால் ஃப்ரிட்ஜ் உறுமத் தொடங்கியதும், அடிபட்ட ஆட்டுக்குட்டி மாதிரி கீச்சுகீச்சென்று கத்திவிட்டு, சிவப்பு விளக்கைக் காட்டி, எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறது. மேல்மாடி மஃப்ரஜ் கூடத்தில் உட்கார்ந்து காத் இலை மெல்லுகிறவர்கள் எல்லாரும் இருட்டில் ஒருவன் காலை ஒருவன் மிதிக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதுவாகவே ஒன்றும் நடக்காதது போல எழுந்துகொள்கிறது.

பேட்டரி இரண்டையும் தினம் போய் மீட்டர் வைத்துப் பார்க்கிறேன். மாட்டுக்கொட்டிலை ஒட்டின தானிய அறைக்கு நாலு மாடி இறங்கி, மறுபடி நாலு மாடி ஏறி, முட்டி தேய்ந்துபோயிற்று. இந்த வீட்டைக் கட்டிய என் பாட்டனார் எதிரி வந்தால் மேலேயிருந்து கல் போடலாம் என்று உயரமாகக் கட்டினாராம். எதிரி வரவே இல்லை. ஏறி இறங்குவது நான்.

எங்கே விட்டேன்? ஆங், பேட்டரி. அதன் முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். திருகாணியை இறுக்கினேன். மூடியைத் திறந்து, கடையில் வாங்கிய பேட்டரித் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. ராஜிஹ் மச்சான் இதையெல்லாம் மாட்டிய அன்றைக்கு நீதான் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தாய். அவன் ஏதாவது சொன்னானா? அதை மட்டும் எழுது.

முஸ்லிஹ்

*

வாப்பா வீடு
ரஜப், பிறை 8

ஹுதாவின் வாப்பாவுக்கு,

சலாம். ஹுதா நன்றாக இருக்கிறாள். உங்களைக் கேட்கவில்லை, மாட்டைக் கேட்டாள்.

சந்தேகத்துக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நான் எதற்காக இங்கே இருக்கிறேன் என்பதை ஒருதரம் எழுதிவிடுகிறேன். மறந்தவர் மாதிரி மாட்டைப் பற்றியும் பாட்டனாரைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள்.

ஃப்ரிட்ஜ் வந்த அன்றைக்கு மஃப்ரஜ் நிறைய ஆள். விளக்கு அணைந்ததும் உங்கள் கூட்டாளி முக்பில் சிரித்தார். உங்களுக்கு அவமானமாகிவிட்டது. "என் மச்சான் மஆரிப்ல செத்துப்போன பேட்டரிக்குப் பாலிஷ் போட்டு என் தலையில கட்டிட்டான்"னு சொன்னீர்கள். நான் காபித்தோல் கிஷ்ர் கோப்பைகள் வைத்த தட்டோடு படியில் நின்றுகொண்டிருந்தேன். தட்டை அதே படியில் வைத்துவிட்டு, ஹுதாவைக் கூட்டிக்கொண்டு நடந்து வந்தேன். என் அண்ணனைத் திருடன் என்று சொன்ன வீட்டில் நான் எப்படி ரொட்டி சுடுவேன்?

வாப்பா சொன்னது இது: "சொன்ன சொல்லைச் சொன்ன இடத்துலயே, கேட்ட ஆளுங்க முன்னாலேயே திரும்ப எடுக்கணும். அப்புறம் என் வாசல்ல ஒரு கிடாயை அறுக்கணும். அதுவரைக்கும் அவன் போனை எடுக்காதே. குரலைக் கேட்டா இளகிடுவே. காயிதம்னா பரவால்ல, அதுக்குக் குரல் கிடையாது." உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்தால் காயிதத்துக்குக் குரல் கிடையாது என்ற பேச்சை அவர் மாற்றிக்கொள்வார். நீங்கள் எழுதினாலும் சத்தமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று. அண்ணன் நோன்புக்கு மஆரிபிலிருந்து வருகிறான். இந்தச் சொல் அவன் காதில் விழுந்தால் இது பெண்பிள்ளைக் கோபமாக இருக்காது. இடுப்பிலிருந்து கத்தியைக் கழற்றிப் பஞ்சாயத்தில் வைக்கிற ஆம்பிளைச் சண்டையாகிவிடும். அப்புறம் நான் எந்த வீட்டுக்காரி என்று எனக்கே தெரியாது.

அண்ணன் இதையெல்லாம் மாட்டிய அன்றைக்குப் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. "தண்ணி பாத்துக்கங்க, முனையை இறுக்கி வைங்க"ன்னுதான் சொன்னான். அன்றைக்கு ஃப்ரிட்ஜ் இல்லை. விளக்கும் டிவியும்தான் ஓடின.

ஆனால் ஒன்று கவனித்தேன். எங்கள் மொட்டைமாடியிலிருந்து உங்கள் மஃப்ரஜின் வண்ணக்கண்ணாடி தெரியும். மஃரிபுக்குப் பிறகு துணி எடுக்கப் போகும்போது பார்வை அந்தப் பக்கம் போய்விடுகிறது, வேண்டுமென்று பார்க்கவில்லை. அந்த விளக்கு சட்டென்று அணைவதில்லை. கொட்டாவி விடுகிற மாதிரி ஒருதரம் மங்கி, அப்புறம்தான் அணைகிறது. செத்த பேட்டரியாக இருந்தால் உடனே எப்படித் திரும்ப எழுந்துகொள்ளும்? அதை யோசித்தீர்களா?

தகிய்யா

*

பைத் அல்-ஹஜர்
ரஜப், பிறை 13

ஹுதாவின் உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ கொட்டாவி என்று எழுதினாய். அன்று சாயங்காலம் கண் கொட்டாமல் பார்த்தேன். நீ சொன்னது சரி, முதலில் மங்குகிறது. இத்தனை நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், என் கண்ணில் படவில்லை. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிற உனக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, இதற்கு ஒரு முடிவு கட்டலாம் என்று பேட்டரி இரண்டையும் கழுதையின் இரண்டு பக்கமும் கட்டி, பெட்டியை என் முதுகில் போட்டுக்கொண்டு சந்தைக்கு இறங்கினேன். கழுதை என்றதும் ஞாபகம் வருகிறது. முக்பிலின் கழுதைதான் இது. பாரம் ஒரு பக்கம் கொஞ்சம் கூடினாலும் நின்ற இடத்தில் நின்றுகொள்ளும். போன வருஷம் அதன் ஒரு பக்கம் மாவு மூட்டையும் மறு பக்கம் அவன் மாமியாரையும் ஏற்றினானாம். மாமியார் பக்கம் சாய்ந்து சுனைக்கரையில் படுத்துக்கொண்டதாம். மாமியார் அதன் காதைப் பிடித்து... சரி, அதை விடு. பேட்டரி இரண்டும் ஒரே கனம் என்பதால் கழுதை சந்தோஷமாக நடந்தது. அப்போதே எனக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது: மச்சான் சம எடையாகத்தான் கொடுத்திருக்கிறான்.

பேட்டரிக்கடை ஹிஸாம் கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டு உறிஞ்சிப் பார்த்தான். மிதவை பச்சையில் நின்றது. அப்புறம் சூடேறுகிற கம்பிச்சுருள் வைத்த கருவியை முனையில் அழுத்தினான். முள் கீழே இறங்கவில்லை.

"யாருப்பா இதைக் கொடுத்தான்?"

"என் மச்சான். சொல்லு, செத்த பேட்டரிதானே?"

"செத்ததா? குதிரைப்பா இது. நீதான் கழுதையில ஏத்திட்டு வந்திருக்கே."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் விடவில்லை. "அப்ப பெட்டிதான் கெட்டுப்போச்சு" என்றேன். ஹிஸாம் என் பெட்டியை என் பேட்டரியோடு அந்த மேசை மேலேயே மாட்டினான். கடை ஃப்ரிட்ஜைச் செருகினான். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் மதியத்துக்குத் தக்காளியும் மிளகாயும் போட்டு ஸஹாவிக் அரைக்கிற மிக்ஸியையும் செருகினான். பெட்டி ஒரு சத்தம் போடவில்லை. பச்சை விளக்கு அப்படியே நின்றது. அந்தச் சட்டினியை எனக்கும் ரொட்டியோடு கொடுத்தான். காரம். கண்ணில் தண்ணீர் வந்தது காரத்தால்தான்.

எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் மாட்டினேன். ஃப்ரிட்ஜ் உறுமியது. கீச்சுகீச்சு. சிவப்பு. இருட்டு.

பேட்டரி நல்லது. பெட்டி நல்லது. ஃப்ரிட்ஜ் புதுசு. நம் வீட்டில் சேர்ந்தால் மட்டும் ஒத்துப்போகவில்லை. முக்பில் சொல்கிறான்: "ஒங்க வீட்டு வாசப்படி ராசி அப்படி. பொண்டாட்டியே தங்கல, கரண்டா தங்கும்?" அவனைப் படியிலிருந்து தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். கழுதை அவனுடையது என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

இதை மாமாவிடம் படித்துக் காட்டாதே. ஹிஸாமுக்குக் கண் சரியாகத் தெரியாமலும் இருந்திருக்கலாம்.

முஸ்லிஹ்

*

வாப்பா வீடு
ரஜப், பிறை 15

ஹுதாவின் வாப்பாவுக்கு,

சலாம். வாப்பாவிடம் படித்துக் காட்டவில்லை. மாமியார் கழுதை ஏறிய இடத்தை மட்டும் உம்மாவிடம் படித்தேன். சிரித்து முடித்துவிட்டு, மீதிக் கதை எங்கே என்று கேட்கிறார்.

ஹிஸாமுக்குக் கண் தெரிகிறதோ இல்லையோ, கடை ஃப்ரிட்ஜுக்குக் கண் கிடையாது, அது ஓடியிருக்கிறது. ஆகவே பேட்டரி நல்லது. இதை உங்கள் மனசு ஒப்புக்கொண்டுவிட்டது, கை மட்டும் எழுத மறுக்கிறது. அதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு இரண்டு நாளாக ரொட்டி தீய்கிறது, இதே யோசனை. கடையில் மேசை மேல் வைத்து மாட்டினார் என்று எழுதினீர்கள். பேட்டரிக்கும் பெட்டிக்கும் நடுவில் எவ்வளவு வயர் இருந்திருக்கும்? ஒரு முழமா? நம் வீட்டில் எவ்வளவு?

இங்கே மேல்சுனையிலிருந்து வாப்பாவின் காபித் தோட்டத்துக்கு ஒரு குழாய் வருகிறது. நீளக் குழாய், மெலிசு. நேற்று நான்தான் தண்ணீர் பாய்ச்சினேன். வாயைக் கையால் அடைத்துப் பிடித்தால் குழாய் புடைத்துக்கொண்டு கையைத் தள்ளுகிறது. அப்போது பார்க்கிறவன் "இதுல எவ்ளோ பலம்!" என்பான். கையை எடுத்தால் பூனை மூத்திரம் மாதிரி ஒழுகுகிறது. சுனையில் தண்ணீர் குறையவில்லை. குழாயும் ஓட்டையில்லை. கொஞ்சமாகக் கேட்டால் கொடுக்கிறது. நிறையக் கேட்டால் வழியிலேயே களைத்துப்போகிறது.

நீங்கள் பேட்டரியை அளந்தபோது மீட்டரை எங்கே வைத்தீர்கள்? கீழே பேட்டரி முனையிலா, மேலே பெட்டி முனையிலா? அளந்தபோது ஃப்ரிட்ஜ் ஓடியதா, நின்றிருந்ததா? வாயை அடைத்துப் பிடித்துக்கொண்டு குழாயைப் பார்த்தீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் உறுமுகிற அந்த நொடியில்.

தகிய்யா

*

பைத் அல்-ஹஜர்
ரஜப், பிறை 19

ஹுதாவின் உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்கிற விஷயம் இல்லை.

என் மீட்டர் ஒன்று, பள்ளிவாசல் மீட்டர் ஒன்று. முக்பிலைக் கீழே பேட்டரி பக்கத்தில் நிறுத்தினேன். நான் மேலே பெட்டி பக்கத்தில். நடுவில் படிக்கட்டு ஜன்னல் வழியாகச் சத்தம் போட்டுப் பேசிக்கொள்வது என்று ஏற்பாடு. ஃப்ரிட்ஜைச் செருகாமல் முதலில் அளந்தோம்.

"கீழ எவ்ளோடா?"

"பன்னெண்டே முக்கால்!"

"மேலயும் பன்னெண்டே முக்கால்தான்!"

"அப்புறம் எதுக்குடா என்னை மாட்டோட நிக்க வச்சே? அது என் தலைப்பாவை நக்குது!"

"கொஞ்சம் பொறு. இப்ப ஃப்ரிட்ஜைச் செருகறேன். செருகினதும் சொல்லு."

செருகினேன். உறுமியது. கீச்சு.

"கீழ பன்னெண்டரை!" என்று கத்தினான்.

என் மீட்டரைப் பார்த்தேன். பத்தரை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் சிவப்பு விழுந்து எல்லாம் அணைந்தது. மறுபடி செய்தோம். கீழே பன்னிரண்டரை, மேலே பத்தரை.

"டேய் முக்பில், ரெண்டு வோல்ட்டு காணோம்டா!"

"என் கிட்ட இல்லப்பா! மாட்டைக் கேளு!"

மாடு தின்னவில்லை. வயர் தின்றிருக்கிறது. நாலு மாடி ஏறி வருகிற அந்த வயரைக் கையால் தடவிக்கொண்டே இறங்கினேன். இரண்டாம் மாடியில் ஒட்டுப்போட்ட இடம், இப்போதுதான் சுட்ட ரொட்டி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. விளக்குக்கும் டிவிக்கும் கொஞ்சம் கரண்ட் போதும், அதைக் கொடுத்துவிடுகிறது. ஃப்ரிட்ஜ் எழுந்து நிற்கிற நொடியில் மடமடவென்று கேட்கும்போது வழியிலேயே செலவாகிவிடுகிறது. பெட்டிக்கு என்ன தெரியும்? தன் வாசலில் வந்து நிற்பதைத்தான் பார்க்கிறது. "பேட்டரி செத்துட்டு"ன்னு கத்துகிறது. நானும் அந்தப் பெட்டி மாதிரியேதான் கத்தியிருக்கிறேன்.

உன் குழாய்க்கு நூறு சலாம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. பேட்டரி முதலில் எங்கே இருந்தது? மஃப்ரஜ் மூலையில், பெட்டிக்குப் பக்கத்திலேயே, மச்சான் வைத்த இடத்தில். அதைக் கீழே கொண்டுபோகச் சொன்னது யார்? "அழுகின முட்டை நாத்தம் வருது, மூணு நாளா தலைவலி"ன்னு சொன்னது யார் மூக்கு? நான் சொல்லவில்லை. வயர் நான் வாங்கியதுதான், ஒட்டுப்போட்டதும் நான்தான். ஆனால் அந்த மூக்கு இல்லாவிட்டால் வயரே வேண்டியிருக்காது.

பேட்டரியை மறுபடி மேலே கொண்டுவந்துவிடட்டுமா? ஒரே நாள் வேலை.

முஸ்லிஹ்

*

வாப்பா வீடு
ரஜப், பிறை 21

ஹுதாவின் வாப்பாவுக்கு,

சலாம். உட்கார்ந்துதான் படித்தேன். பன்னிரண்டரை, பத்தரை என்று எழுதிய இடத்தில் எழுந்துவிட்டேன். கையில் ரொட்டி மாவு. உம்மா ஓடிவந்து "யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டார். "ரெண்டு வோல்ட்டு காணாமப் போச்சு" என்றேன். "இன்னா லில்லாஹ்" என்றார். யாரோ ஆள் என்று நினைத்துக்கொண்டார்.

மூக்கு என்னுடையதுதான். மறுக்கவில்லை. இரண்டு நாளாக அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். அண்ணன் மேல் பழி விழுந்ததே, அதற்கு நானும் ஒரு கை கொடுத்திருக்கிறேனே என்று தோன்றுகிறது.

ஆனாலும் பேட்டரி மேலே வரக்கூடாது. நாற்றம் வந்தது சும்மா இல்லை. சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து காற்று வருகிறது, அது தீப்பிடிக்கிற காற்று என்று அண்ணனே பிறகு போனில் சொன்னான். குளிருக்கு மஃப்ரஜ் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, ஹுக்கா நெருப்பை நடுவில் வைத்துக்கொண்டு உட்காருகிறீர்கள். ஹுதா அந்த மெத்தையில்தான் தூங்குகிறாள். தானிய அறைக்கு மூடாத ஜன்னல் இருக்கிறது. பேட்டரிக்கு அதுதான் இடம்.

அப்படியென்றால் யார் இறங்க வேண்டும்?

நீங்கள் இதை யோசிக்காமல் இல்லை. யோசித்துவிட்டுத்தான் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். பெட்டி பேட்டரிக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். ஒரு முழம் தடித்த வயர் போதும். பேட்டரிக் கரண்டு பெட்டியில் இருநூற்றிருபது வோல்ட் வீட்டுக் கரண்டாக மாறிய பிறகு, அது எத்தனை மாடி வேண்டுமானாலும் சாதாரண வயரிலேயே ஏறிவரும். ஜுமானா மகன் வீட்டில் அப்படித்தான் இருக்கிறது.

எனக்குத் தெரியும், அந்தப் பெட்டியை நீங்கள் டிவி பக்கத்தில் லேஸ் துணி போட்டு வைத்திருக்கிறீர்கள். வருகிற ஆள் எல்லாம் "மாஷா அல்லாஹ், எவ்ளோ விளக்கு எரியுது பாரு" என்று சொல்லாமல் காத் இலையில் கை வைப்பதில்லை. ஏமனில் எவனுக்கும் மாட்டுப் பக்கத்தில் இன்வர்ட்டர் வைக்க மனசு வராது. ஆனால் வெளிச்சம் மேலே வேண்டுமா, பெட்டி மேலே வேண்டுமா? இரண்டில் ஒன்றுதான்.

வாப்பா சொன்னதை மறக்க வேண்டாம். சொன்ன இடத்தில், கேட்ட ஆட்கள் முன்னால். அடுத்த மாசம் ஷஅபான் பிறந்தால் அண்ணன் மஆரிபிலிருந்து புறப்பட்டுவிடுவான்.

தகிய்யா

*

பைத் அல்-ஹஜர்
ரஜப், பிறை 26

ஹுதாவின் உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

மூன்று நாள் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கிஷ்ர் ஆறிப்போனது. அதுவும் பச்சையாக என்னைப் பார்த்தது. கடைசியில் லேஸ் துணியோடு தூக்கினேன்.

வியாழக்கிழமை எல்லாரும் வந்து காத் கட்டைப் பிரிக்கும்போது டிவி பக்கத்தில் வெறும் பலகைதான் இருந்தது. முக்பில் முதலில் கவனித்தான்.

"பெட்டி எங்கடா? வித்துட்டியா?"

"கீழ இருக்கு."

"கீழன்னா?"

"மாட்டுக்குப் பக்கத்துச் சுவத்துல."

சிரிப்பில் மஃப்ரஜ் குலுங்கியது. ஒருவன் "மாடு டிவி பாக்கணும்னு கேட்டுச்சா?" என்றான். இன்னொருவன் "இனிமே பால் கறந்தா ஐஸா வரும்" என்றான். சிரித்து ஓயட்டும் என்று காத்திருந்தேன். நீ கேட்டால் நம்பமாட்டாய், நான் ஒரு வார்த்தை நடுவில் பேசவில்லை.

அப்புறம் சொன்னேன்: "போன மாசம் இதே இடத்துல, இதே ஆளுங்க முன்னால, ராஜிஹ் செத்த பேட்டரியைக் கொடுத்துட்டான்னு நான் சொன்னேன். பேட்டரி குதிரை மாதிரி இருக்கு. சந்தையில பரிசோதிச்சாச்சு. வயரை இழுத்து ஒட்டுப்போட்டது நான். பெட்டி மேல இருக்கணும்னு பிடிவாதம் பிடிச்சதும் நான். ராஜிஹ் மேல தப்பில்ல. அந்தச் சொல்லை எடுத்துக்கிறேன். கேட்டவங்க எல்லாரும் சாட்சி."

யாரும் சிரிக்கவில்லை. முக்பில் தன் காத் கட்டிலிருந்து நல்ல கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளி என் முன்னால் போட்டான். அவன் வாழ்நாளில் எனக்குக் கொடுத்த முதல் கொழுந்து அது. பிறகுதான், "மூக்கைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே?" என்று காதில் கேட்டான். அதை எப்படித் தெரிந்துகொண்டான் என்று எனக்குப் புரியவில்லை. ஜுமானாவாகத்தான் இருக்கும். உன் மூக்கை நான் சபையில் இழுக்கவில்லை. அது வீட்டுக்குள் இருக்க வேண்டிய விஷயம்.

இப்போது ஃப்ரிட்ஜ் ஓடுகிறது. கூடவே மிக்ஸியும் ஓடுகிறது. நானே ஸஹாவிக் அரைத்தேன், உப்பு கூடிப்போயிற்று. பெட்டி கத்தவில்லை. மாடு மட்டும் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே அசைபோடுகிறது. உன்னிடம் சொல்வதற்கென்ன, நேற்றிலிருந்து அது என்னைக் கறக்க விடுகிறது.

மிச்சமான அந்த நீளத் தாமிர வயரைச் சந்தையில் போட்டுவிட்டு, அந்தக் காசில் ஒரு கிடாய் வாங்கியிருக்கிறேன். நல்ல கொம்பு. வோல்ட்டைத் தின்ற வயர் என்பதால் கொழுத்துத்தான் இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு மாமா வாசலுக்கு வருகிறேன்.

அதுவரைக்கும் மஃப்ரஜ் விளக்கை அணைக்கப்போவதில்லை. நீ துணி எடுக்க மாடிக்குப் போகும்போது பார்.

முஸ்லிஹ்

*

வாப்பா வீடு
ரஜப், பிறை 28

ஹுதாவின் வாப்பாவுக்கு,

சலாம். துணி எடுக்கப் போனேன். பிறகு துணி இல்லாதபோதும் போனேன். மங்கவில்லை. கொட்டாவி விடவில்லை.

வாப்பாவிடம் எல்லாக் கடிதங்களையும் கொடுத்தேன், என் மூக்கு வருகிற கடிதத்தையும் சேர்த்து. முழுக்கப் படித்தார். கழுதை வந்த இடத்தை இரண்டு தரம் படித்தார். நீங்கள் சபையில் சொன்னதை அதற்கு முன்னாலேயே ஜுமானா அவரிடம் நடித்தே காட்டிவிட்டாள். கடைசியில் என்னைப் பார்த்து, "அப்ப பாதித் தப்பு ஒன்னோடதா?" என்றார். ஆமாம் என்றேன்.

"பாதித் தப்புக்கு முழுக் கிடாயை அறுக்க முடியாது. பாதிக் கிடாய் நடந்து வராது. அது அங்கேயே கிடக்கட்டும், ராஜிஹ் வந்தப்புறம் எல்லாருமா சேர்ந்து உக்காந்து சாப்பிடலாம்" என்றார்.

போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. எழுந்து மாடிக்குப் போனார். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் உங்கள் வண்ணக்கண்ணாடி ஒளிர்ந்துகொண்டிருந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அங்கேயிருந்து உம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி, எனக்குக் கேட்கும்படி, சத்தம் போட்டார்:

"இந்தப் பய பேட்டரியைக் காலி பண்ணிடுவான் போலிருக்கு! எவளாவது போய் அந்த விளக்கை அணைச்சுத் தொலைங்கடி!"

ஹுதா செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள். ஜுமானா இந்தக் கடிதத்தோடு முன்னால் நடப்பாள். அவள் வந்து சேர்ந்தால், நாங்கள் பின்னால்தான் வந்துகொண்டிருக்கிறோம். விளக்கை நீங்கள் அணைக்க வேண்டாம். நான் வந்து அணைக்கிறேன்.

தகிய்யா